சட்டியில் இல்லாதது

மார்ச் 3

தம்பிக்கு,

நூற்று நாற்பது பேர் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடுகிறார்கள். அதில் ஒருவனுக்கு மட்டும், அதுவும் சமைத்தவனுக்கு மட்டும், ஏன் வயிறு வலிக்கிறது? நீ கேட்ட இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இருபத்துமூன்று வருடமாக உணவையும் தண்ணீரையும் பரிசோதிப்பதையே வேலையாகக் கொண்டவள் இப்படி எழுதுவது அழகில்லைதான். ஆனாலும் தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத முடியும்.

உன் ஐஸ் பெட்டி வெள்ளிக்கிழமை பஸ் பார்சலில் வந்தது. பதினான்கு மாதம் கழித்து உன் கையெழுத்தை அதன் மூடியில் பார்த்தேன். "சாப்பாடு 3, தண்ணீர் 1, பலகை துடைத்த பஞ்சு 1. பார்த்துச் சொல்லவும்." உள்ளே அரைப் பக்கக் கடிதம். நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் இதுவரை கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

ஐந்து மாதிரிகளும் சுத்தம். பலகையும் சுத்தம். நீ முதலில் அதைத்தான் தேடுவாய் என்பதால் அடிக்கோடு போட்டிருக்கிறேன். பதினான்கு மாதம் முன்பு உன் கேன்டீனில், மேலாளர் முன்னால், காய் நறுக்கும் அந்தப் பலகையை நான் துடைத்துப் பார்த்து, "இதில் வெட்டியதை நான் சாப்பிட மாட்டேன்" என்று சொன்னது தவறு என்று நினைக்கவில்லை. மேலாளர் முன்னால் சொன்னது தவறு.

இருந்தாலும் இந்த முடிவை நான் நம்பவில்லை. சாப்பாட்டை மேலாக அள்ளியிருக்கிறாய். பாத்திரத்தின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுக்க வேண்டும். ஜாடியைக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டிருக்க வேண்டும். சமைத்தவனே மாதிரியும் எடுத்தால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதற்கு மதிப்பில்லை. மறுபடி அனுப்பு. இந்த முறை வேறு யாராவது எடுக்கட்டும்.

இன்னொன்று. பத்து நாளாகக் குமட்டல், மேல்வயிற்றில் வலி, இரண்டு முறை வாந்தி என்று எழுதியிருக்கிறாய். இருபதாம் தேதி உன் கேன்டீன் ஒப்பந்தம் பரிசீலனைக்கு வருகிறது என்றும் எழுதியிருக்கிறாய். ஏழாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை வந்தால் உனக்கு வரும் வயிற்றுவலி இது இல்லையே? அக்கா என்ற முறையில் கேட்கிறேன்.

போனில் பேசலாமே என்று உன் மனைவி செய்தி அனுப்பினாள். வேண்டாம். போனில் நான் குறுக்கே பேசுவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தில் இரண்டும் முடியாது.

அக்கா


மார்ச் 8

ஆய்வுக்கூடத்து அக்காவுக்கு,

நலம். நீ கேட்டதால் சொல்கிறேன், நலம் இல்லை.

இரண்டாவது பெட்டி இதோடு வருகிறது. நான் தொடவே இல்லை. காய் நறுக்கும் அம்மா எடுத்தார். அவருக்கு இங்கே ரேடியோ என்று பேர். காலையில் திறந்தால் சாயங்காலம் வரை அணைக்க முடியாது. ஜாடியைக் கொதிக்க வைத்துக்கொண்டே, "உங்க அக்கா கல்யாண வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் ஜாடியோட போவாங்களா?" என்று கேட்டார். "அதனாலதான் யாரும் கூப்பிடறதில்ல" என்றேன். கோபித்துக்கொள்ளாதே.

கணக்குப் பரீட்சையை நீ எழுதுவாய் என்று தெரியும். சாகும்வரை விடமாட்டாய். அந்த வலி பள்ளி மணி அடித்ததும் போய்விடும். இந்த வலி மணி அடித்தாலும் போவதில்லை. தொப்புளுக்கு மேலே யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கிறது. சாப்பிட்டாலும் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி. தெருமுனை டாக்டர் வயிற்றை நாலு இடத்தில் அமுக்கிவிட்டு, "ருசி பாக்கிறதைக் குறைங்க, கேஸ்தான்" என்றார். மாத்திரை கொடுத்தார். சமையல்காரனைப் பார்த்து ருசி பார்க்காதே என்றால் என்ன செய்ய?

வேறென்ன? வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வாந்தி எடுத்தால் தெம்பு எங்கிருந்து வரும், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. வாரத்தில் மூன்று நாள் பீட்ரூட் போடுகிறோம், மிஞ்சியது வீட்டுக்கும் வரும், அதுவாக இருக்கும். காலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. அது எண்ணெய் தெறித்தது. நீ எல்லாவற்றையும் எழுதச் சொல்வாய் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே பயம்தான். என் வயிற்றில் இருப்பது பாத்திரத்திலும் இருந்தால்? வயிறு சரியில்லாதவன் சமையற்கட்டுக்குள் வரக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான். அதன் கீழேயே நின்று கிண்டிக்கொண்டிருக்கிறேன். மேலாளருக்குத் தெரிந்தால் இருபதாம் தேதி வரை காத்திருக்க மாட்டார். அதனால்தான் உனக்கு அனுப்புகிறேன். வேறு யாரிடம் அனுப்பினாலும் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். உனக்குச் சிநேகிதர்கள் கிடையாது.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

எனக்கு இரண்டு சிநேகிதிகள் இருக்கிறார்கள். ஒருத்தியிடம் போன வருடம்கூடப் பேசினேன்.

இரண்டாவது பெட்டியும் சுத்தம். மாதிரி எடுத்த விதம் குறை சொல்ல முடியாதது என்று ரேடியோ அம்மாவிடம் சொல். இனிப் பார்க்க வேண்டியவை: மேல்தொட்டித் தண்ணீர், குளிர்பெட்டியின் ரப்பர் விளிம்பு, முட்டை வருகிற இடம். அதற்கும் மேல் உன் மலம் ஒரு மாதிரி வேண்டும். ஜாடி அனுப்பியிருக்கிறேன். ரேடியோ அம்மாவை எடுக்கச் சொல்லாதே.

இதுவரை எழுதி மடித்து உறையில் போட்டேன். பிறகு உறையைப் பிரித்தேன்.

சமையற்கட்டில் நீ முழு பேண்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போடுகிறாய். அன்று நான் பார்த்தேன். குறை சொல்ல முடியாத ஒரே விஷயமாக அதைத்தான் குறித்துக்கொண்டேன். அப்படியிருக்க, எண்ணெய் எப்படிக் காலில் தெறித்தது?

தெறித்த எண்ணெய் கையில்தான் முதலில் படும். கையில் புள்ளி இருக்கிறதா? காலில் இருப்பதைக் கண்ணாடித் தம்ளரால் அழுத்திப் பார். நிறம் மறைகிறதா, அப்படியே நிற்கிறதா? சிறுநீரைப் பற்றியும் இப்படித்தான். உன் வீட்டில் மூன்று பேரும் பீட்ரூட் சாப்பிடுகிறீர்கள். மற்ற இருவருக்கும் அந்த நிறமா?

நான் மருத்துவர் இல்லை. இது எதைக் காட்டுகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நூற்று நாற்பது பேருக்கு ஒன்றுமில்லை என்பதை நீ முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான்: சாப்பிட்டும் நோய் வராதவர்களை எண்ணு. அதை எண்ணாமல் இரண்டு வாரமாக ஜாடி ஜாடியாகச் சோற்றைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறேன்.

இது கையில் கிடைத்ததும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள். எல்லா அணுக்களையும் எண்ணச் சொல். அரை மணி நேர வேலை. எண்களை அப்படியே எழுதி அனுப்பு.

அக்கா


மார்ச் 15

அக்கா,

முதலில் பலகை. பிறகு சோறு. பிறகு தண்ணீர். இப்போது என்னையே பஞ்சால் துடைத்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதானே? நீ ஒருமுறை பரிசோதித்ததற்கே பதினான்கு மாதம் பேசாமல் இருந்தோம்.

இருபதாம் தேதி முடியட்டும். இருபத்தொன்று காலையில் எத்தனை குப்பி வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். இப்போது நான் மருத்துவமனைப் பக்கம் போனால் அது மேலாளர் காதுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகாது. ரேடியோ கூடவே வருவார்.

கேட்டதற்குப் பதில். புள்ளி முழங்கால் வரை இருக்கிறது, அழுத்தினால் மறையவில்லை. கையில் இல்லை. எண்ணெய் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். கொசுவாக இருக்கும். பீட்ரூட் விஷயத்தில் மற்ற இருவருக்கும் அப்படி இல்லை. அவர்கள் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்கள்.

மற்றபடி பரவாயில்லை. நேற்று மட்டும் பருப்பில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. சாமான் அறைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். ரேடியோ வந்து, "என்ன தேடறீங்க?" என்றார். "ஒண்ணுமில்ல அக்கா" என்றேனாம். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டதே கிடையாது. பிற்பகலில் வலது கை விரல் மரத்துப்போய் கரண்டி கீழே விழுந்தது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. தூக்கம் போதவில்லை.

ஜாடியைத் திருப்பி அனுப்புகிறேன். காலியாக.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

இதை நீ எப்போது படிப்பாய் என்று தெரியவில்லை. மருத்துவமனையில் உன் அறைக்கு வெளியே, நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மனைவி வீட்டுக்குப் போயிருக்கிறாள், குளித்துவிட்டு வருவாள். உனக்கு எதுவும் நினைவில்லை என்றால் இது உதவும்.

உன் கடிதம் பதினேழாம் தேதி பதினொரு மணிக்கு வந்தது. உப்பு என்ற இடத்தில் நிறுத்தினேன். நீ பொய் சொல்வாய், கோபப்படுவாய், பரீட்சை வந்தால் வயிற்றுவலி என்பாய். உப்பு மட்டும் உனக்குத் தவறாது. உன் கடிதங்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்தும் என் சிநேகிதியிடம் போனேன். (நான் சொன்ன இருவரில் ஒருத்தி.) அவள் நின்றுகொண்டே படித்தாள். "அவன் இப்ப எங்க இருக்கான்?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு போன் செய்தேன். உன் மனைவி எடுத்தாள். "அண்ணி, காலையிலேர்ந்து தூங்குறாரு. எழுப்பினா என்னையே யாருன்னு கேக்குறாரு. கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன்." அவளும் ரேடியோ அம்மாவும் கேன்டீன் வண்டியில் உன்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நான் ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். உனக்கு இருந்தது பதினோராயிரம்.

ரத்த நோய் மருத்துவர் ஓர் இளம் பெண். குறைவாகப் பேசுகிறார், எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். ரத்தத்தில் பசை நூல் போல ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, காயத்தை அடைப்பதற்காக. அது அளவுக்கு மீறி நீளாமல் நறுக்குவதற்கு ஒரு நொதி இருக்கிறது. உன் உடம்பு அந்த நொதியையே எதிரி என்று எண்ணித் தாக்குகிறது. நறுக்க ஆளில்லாமல் நூல் நீள்கிறது. பிளேட்லெட்டுகள் அதில் ஒட்டிக்கொண்டு சின்ன ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. அந்த இடுக்கில் நுழைகிற சிவப்பணுக்கள் கிழிகின்றன. உன் கடுங்காப்பி நிறம் அதுதான். பிளேட்லெட் தீர்ந்துபோவதால் தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது. உன் எண்ணெயும் கொசுவும் அதுதான். மூளைக்குப் போகும் குழாய்களில் அடைத்தபோது உப்பு இரண்டு முறை விழுந்தது.

"அப்ப வயிறு?" என்று கேட்டேன்.

"அதுதான் முதல்ல வந்தது. அந்த வலி குடலோடது இல்லைங்க, குடலுக்குப் போற ரத்தத்தோடது. நிறையப் பேருக்கு இது வயித்துவலி, வாந்தின்னுதான் ஆரம்பிக்கும். எல்லாரும் சாப்பாட்டைத்தான் சந்தேகப்படுவாங்க."

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிளேட்லெட்தானே குறைவு, ஏற்றிவிடலாமே என்றேன். எரிகிற அடுப்பில் விறகு வைப்பது போலாகும் என்றார். உன் ரத்தத்தின் பிளாஸ்மாவை, அதாவது அணுக்கள் மிதக்கும் நீரை, வெளியே எடுத்துவிட்டு, பிறர் கொடுத்த, அந்த நொதி உள்ள பிளாஸ்மாவை உள்ளே விடுகிறார்கள். தினமும் மூன்று மணி நேரம். கூடவே உடம்பின் தாக்குதலை அடக்க மருந்து. இது இல்லாமல் விட்டால் பத்தில் ஒருவர்தான் பிழைப்பார் என்றார். இதைச் செய்தால்? பெரும்பாலும் பிழைப்பார்கள். "இவரு கொஞ்சம் தாமதமா வந்திருக்காரு. மூணு நாள் பாக்கணும்." இன்று மூன்றாம் நாள். காலையில் இருபத்தோராயிரம்.

மார்ச் மூன்றாம் தேதியே நான் ரத்தம் என்று எழுதியிருக்க வேண்டும். என் கையில் இருந்தது ஒரே கருவி, அதனால் எல்லா நோயும் சட்டியில் இருப்பதாகத் தோன்றியது. கணக்குப் பரீட்சையும் ஒரு காரணம். ஒருவனை ஒருமுறை பொய்யன் என்று குறித்துவிட்டால் அந்தக் குறிப்பை நான் மறுபரிசீலனை செய்வதில்லை. கூடத்தில் வேறு யாராவது இப்படிச் செய்தால் அறிக்கை எழுதுவேன். இதை அறிக்கையாக வைத்துக்கொள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நர்ஸ் உன் பேரைக் கேட்கிறாள். நீ என்ன சொன்னாய் என்று இங்கே கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டினாள்.

அக்கா


மார்ச் 31

அக்காவுக்கு,

நான் சொன்னது, "ரேடியோவைக் கேளுங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று. நர்ஸுக்குப் புரியவில்லை. பேரையும் பிறகு சொல்லிவிட்டேன்.

உன் அறிக்கை கிடைத்தது. தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். இவ்வளவு நீளமான கடிதத்தில் என்னை ஒரு இடத்தில்கூடத் திட்டவில்லை என்பதை வைத்துத்தான் எனக்கு எவ்வளவு மோசமாக இருந்தது என்று புரிந்துகொண்டேன்.

எட்டு நாள் பிளாஸ்மா மாற்றினார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பை என்று நர்ஸிடம் கேட்டேன். பதினைந்து, பதினாறு, ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கொடுத்தது என்றாள். மொத்தம் நூற்று இருபதுக்கு மேலே வருகிறது அக்கா. பதினெட்டு வருடமாக நான் தினமும் ஏறக்குறைய அத்தனை பேருக்குத்தான் தட்டு போடுகிறேன். யார் யாரோ, முகம் தெரியாதவர்கள், திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

ஒப்பந்தம்: இருபதாம் தேதி ரேடியோதான் சமைத்தாராம். மேலாளர் சாப்பிட்டுவிட்டு, "வழக்கத்தைவிட நல்லா இருக்கே" என்றாராம். இதை என்னிடம் மூன்று பேர் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு நீட்டித்திருக்கிறார். இரண்டு பெட்டிகளுக்கும் நீ அனுப்பிய முடிவை ரேடியோவே காட்டினாராம். சுத்தம் என்று உன் கையெழுத்து போட்ட தாள். நீ கையெழுத்து போட்டால் அவர்கள் நம்புகிறார்கள். அன்று பலகையை நீ திட்டியபோது பார்த்தவர்களாயிற்றே.

ஒரு மாதத்துக்கு அடுப்புப் பக்கம் போகக்கூடாது. இங்கே மருத்துவமனையில் உப்பில்லாத சாப்பாடு. நாக்கு செத்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வா. நீயே சமை. பலகை என்னுடையது. நீ சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

சாயங்காலம் ஆறரைக்கு வீடு வந்து சேர்ந்தேன். ஊர் சேர்ந்ததும் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். பழக்கம் விடவில்லை.

நேற்று மாலை நான் இறைச்சியும் கிழங்கும் போட்டுக் குழம்பு வைத்தபோது நீ முக்காலியில் உட்கார்ந்து, வெங்காயத்தை ஏன் இப்படிக் கொலை செய்கிறாய் என்று கேட்டாய். உன் மகள் "அத்தை, அப்பா பேசறதைக் கண்டுக்காதீங்க" என்றாள். நல்ல குழந்தை. இன்று மதியம் அதையே சூடுபண்ணி நான்கு பேரும் சாப்பிட்டோம். உன் பலகையில் வெட்டியதை நான் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். அதை மன்னிப்பு கேட்டதாக நீ எடுத்துக்கொள்ள விரும்பினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மிச்சத்தை டப்பாவில் கொண்டுவந்திருக்கிறேன்.

உன் மருத்துவரைத் தனியாகப் பார்த்தேன். இவனுக்கு மட்டும் ஏன் வந்தது என்று கேட்டேன். "தெரியாதுங்க" என்றார். திரும்ப வருமா என்றேன். வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அநேகமாக வயிற்றில்தான் முதலில் தெரியும். எனவே வயிறு வலித்தால் முதலில் ரத்தம், பிறகுதான் சட்டி. சமையற்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளுக்குக் கீழே இதையும் எழுதி ஒட்டு.

தபாலில் நாளை சேர்க்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 28. உறையை மூடாததால் இதையும் சேர்க்கிறேன். நீ அங்கே இருந்தாய் என்றாலும் என் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியாது.

காலை ஏழரைக்கு உன் மனைவி போன் செய்தாள். "அண்ணி, அவருக்கு வயிறு வலிக்குது." என்ன சாப்பிட்டான் என்று நான் கேட்கவில்லை. "உடனே ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போ" என்றேன். கூடத்துக்குப் போனேன். எட்டிலிருந்து பத்து வரை ஒரு வேலையும் ஓடவில்லை. இதற்கிடையில் மூன்று முறை கழிவறைக்குப் போய் வந்தேன். பதற்றத்தால் என்று நினைத்தேன்.

பத்தேகாலுக்கு நீயே கூப்பிட்டாய்.

"ரெண்டு லட்சத்து ஆறாயிரம். டாக்டர் ரத்தம் சுத்தமா இருக்குன்னுட்டாங்க. அக்கா, உனக்கு வயிறு எப்படி இருக்கு?"

"ஏன்?"

"இங்க மூணு பேருக்கும் கலக்குது. குழம்பை ராத்திரி எங்க வச்சே?"

"அடுப்பு மேலதான். ஆறட்டும்னு."

"எத்தனை தடவை?" என்றாய். "மூணு" என்றேன். "எனக்கு ரெண்டுதான்" என்று சொல்லிச் சிரித்தாய். இருமல் வரும்வரை சிரித்தாய். நான் குறுக்கே பேசவில்லை, நீயும் பாதியில் வைக்கவில்லை. பிறகு உன் மருத்துவர் போனை வாங்கி, இந்த மருந்து சாப்பிடுகிறவருக்கு இரவெல்லாம் வெளியே கிடந்த இறைச்சியைக் கொடுப்பதா என்று என்னைக் கேட்டார். திட்டினார் என்றே எழுத வேண்டும். உனக்கு ஒரு பாட்டில் சலைன் ஏற்றி மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சாப்பிட்டவர்கள் நான்கு பேர். வயிறு கலங்கியவர்கள் நான்கு பேர்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டிலிருந்து மிச்சக் குழம்பு டப்பாவை எடுத்து வந்து மாதிரி எண் போட்டேன். படிவத்தில் சமைத்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். மாதிரி எடுத்தவர் என்ற கட்டத்திலும் அதையே எழுதினேன்.